சைக்கிளிலிருந்து இறங்கி ஓடத் தொடங்கியதும் கெண்டைக்கால் இறுகுவது பற்றி

20 கிலோமீற்றர் சைக்கிளோடி இறங்கி ஓடத் தொடங்கியதும் கெண்டைக்கால் இறுகுகிறது, ஓட்டத்தைக் கைவிடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். கைவிட வேண்டியதில்லை. சைக்கிளோட்டத்தின் கடைசிக் கிலோமீற்றரில் கியரை இலகுவாக்கி விரைவாக மிதியுங்கள். இறங்கியபின் முதல் 5 நிமிடங்களைச் சிற்றடிகளாக ஓடுங்கள்.

யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தில் சோழகக் காற்றை (தென்மேற்குக் காற்றை) எதிர்த்துக் கடினமான கியரிலேயே மிதிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் 62 வயதில் களைத்த தசை முன்போல் விரைவில் மீளாது என்பதால், அப்படி மிதிப்பதே காரணமாக இருக்கக்கூடும். உப்புக் குறைவு என்றுதான் பலரும் சொல்வார்கள். நான் அதை முதலில் சந்தேகிக்க மாட்டேன்.

ஆசனத்தின் உயரத்தையும் பாருங்கள். சுவரைப் பிடித்தபடி சைக்கிளில் அமர்ந்து, சப்பாத்தின் குதியைப் பெடலில் வைத்துக் கீழே இறக்கினால், முழங்கால் நேராக வேண்டும். குதி எட்டாவிட்டால் ஆசனம் உயரம், நுனிக்காலால் மிதித்துக் கெண்டைக்காலை வருத்துகிறீர்கள்.

ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தாலோ, நடக்கும்போதே வலித்து நின்றதும் தணிந்தாலோ, பயிற்சியை நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள்.