கேபிள் டிரே: கேட்டவர்களுக்குப் பதில்கள்

பட்டறை, மில், மாடிக் கட்டடம் என்று கேபிள் டிரே (மின் கேபிள்களைத் தாங்கிக் கொண்டுபோகும் நீளத் தட்டு) போடுகிறவர்கள் கேட்ட கேள்விகள் இவை. பதில் சொல்பவர் ஆலைகளில் மின் நிறுவல் வேலையை மேற்பார்வை செய்பவர்.

கோவை, லேத் பட்டறை: சார், ஓட்டை போட்ட டிரே வாங்கவா, லேடர் டிரே வாங்கவா? கடையில் இரண்டும் ஒன்றுதான் என்கிறார்கள்.

ஒன்றில்லை. ஓட்டை டிரே அடித்தகடு உள்ளது, லேடர் டிரே ஏணி மாதிரிப் படிகள் மட்டும் உள்ளது. மேலே என்ன கேபிள் போகிறது என்று முதலில் பாருங்கள். பேனலிலிருந்து மெஷின்களுக்குப் போகும் 2.5, 4, 6 சதுர மி.மீ. கேபிள்களுக்கு ஓட்டை டிரே. மெல்லிய கேபிளை லேடரில் போட்டால் படிகளுக்கு நடுவே தொங்கும், படியின் விளிம்பு ஜாக்கெட்டை அழுத்திக்கொண்டே இருக்கும். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வரும் 185, 240 சதுர மி.மீ. ஆர்மர்டு (உலோகக் கவசம் போட்ட) கேபிளுக்கு லேடர். கனத்தைத் தாங்கும், அடியில் காற்றோட்டம் இருக்கும், படிதோறும் கிளாம்ப் போடலாம். செங்குத்தாக மேலேறும் இடத்திலும் லேடரும் கிளாம்பும்தான். அங்கே கனமான கேபிளைப் பிளாஸ்டிக் டையில் தொங்கவிடாதீர்கள்.

திருப்பூர்: ஆறு கேபிள். ஒட்டி ஒட்டி வைத்தால் 150 மி.மீ. டிரேயில் சரியாக அடங்குகிறது. போதும்தானே?

அடங்கும், ஆனால் சூடாகும். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் காசை மிச்சம் பிடிப்பதாக நினைத்துக் கேபிளைக் கெடுக்கிறார்கள். ஓட்டை டிரேயில் தனியாகப் போனால் 100 ஆம்பியர் தாங்கும் கேபிளை எடுத்துக்கொள்ளுங்கள். அதே மாதிரி ஆறு, ஒரே அடுக்காக, ஒன்றையொன்று தொட்டபடி லோடில் ஓடினால், ஐஇசி (சர்வதேச மின் தர அமைப்பு) அட்டவணைப்படி ஒவ்வொன்றுக்கும் 73 ஆம்பியர்தான். கட்டாகச் சேர்த்துக் கட்டிவிட்டால் 57. தகரக் கூரைக்குக் கீழே ஏப்ரல், மே மாதங்களில் சூடு 50 டிகிரிக்குப் போனால், 40 டிகிரிக்குக் கணக்கிட்ட பிவிசி கேபிளுக்கு இன்னும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும்.

அடுத்த வருஷம் ஒரு கம்ப்ரசர் வாங்குவீர்கள். அதன் கேபிள் இந்த ஆறின் தலைமேல்தான் ஏறும். 300 மி.மீ. போடுங்கள். கேபிள்களுக்கு நடுவே ஒரு கேபிள் அளவு இடைவெளி விட்டுப் பரப்பலாம், பின்னால் வருவதற்கும் இடம் இருக்கும்.

ஈரோடு: எங்கள் ஷெட்டில் ட்ரஸ்ஸுக்கு ட்ரஸ் (கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டம்) 5 மீட்டர். நடுவில் சப்போர்ட் வேண்டாம், டிரே தாங்கும் என்கிறார் கான்ட்ராக்டர்.

சாதாரண ஓட்டை டிரே என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மீட்டருக்கு அதே பாரம் இருக்க, சப்போர்ட் இடைவெளி இரண்டு மடங்கானால் தொய்வு 16 மடங்காகும். நான் ஓட்டை டிரேக்கு 1.5 மீட்டருக்கு மேல் இடைவெளி விடுவதில்லை. ட்ரஸ்ஸுக்கு ட்ரஸ் சி சேனல் ஓட்டி, அதிலிருந்து திருகு ராடு இறக்கி டிரேயைத் தாங்குங்கள். கேபிள் கேட்டலாக்கில் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று இருக்கும். எல்லாவற்றையும் கூட்டி 30 கிலோ வந்தால், 1.5 மீட்டருக்கு ஒரு சப்போர்ட் 45 கிலோ தாங்க வேண்டும், டிரேயின் எடை தனி. அந்தக் கணக்கை டிரே கம்பெனியின் லோடு சார்ட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இணைப்பு எங்கே வருகிறது என்பதும் முக்கியம். இரண்டு சப்போர்ட்டுக்கு நட்டநடுவில் கப்ளர் (இரண்டு டிரேயைச் சேர்க்கும் தகடு) வரக்கூடாது. அங்கேதான் டிரே அதிகம் வளையும். சப்போர்ட்டிலிருந்து, சப்போர்ட் இடைவெளியில் கால் பங்கு தூரத்துக்குள் வரட்டும். போல்ட்டின் தலை உள்ளே, நட்டு வெளியே. மாற்றிப் போட்டால் கேபிள் இழுக்கும்போது மரை ஜாக்கெட்டைக் கிழித்துவிடும்.

தூத்துக்குடி: ஜிபி டிரே விலை குறைவு. உப்புக் காற்றுக்குத் தாங்குமா?

வெளியில் தாங்காது. ஜிபி என்பது தகடாக இருக்கும்போதே துத்தநாகம் பூசியது. அதில், சதுர மீட்டருக்கு 275 கிராம் பூச்சு என்றாலும், ஒரு பக்கத்துக்குத் துத்தநாகம் சுமார் 20 மைக்ரான்தான். அதை வெட்டி, ஓட்டை போட்ட விளிம்பெல்லாம் வெறும் இரும்பு. செய்து முடித்த டிரேயைத் துத்தநாகக் குளியலில் முக்கி எடுத்தால் ஓட்டையின் உள்விளிம்பு உட்பட 50 மைக்ரானுக்கு மேல் ஏறும். அதை வாங்குங்கள். தளத்தில் அறுத்த முனைகளுக்கு அன்றைக்கே ஜிங்க் பெயின்ட் அடியுங்கள். சாயப்பட்டறை மாதிரி அமிலமும் காரமும் ஆவியாகும் இடத்தில் துத்தநாகமே அரிக்கும். அங்கே எஃப்ஆர்பி (கண்ணாடி நார் பிளாஸ்டிக்) டிரே.

ராஜபாளையம், ஸ்பின்னிங் மில்: அண்ணே, டிரே முழுக்கப் பஞ்சு படிகிறது.

தம்பி, அதை அலட்சியமாக விடாதீர்கள். கேபிள்மேல் படிந்த பஞ்சு சூட்டை வெளியே விடாது, ஒரு பொறி விழுந்தால் தீ டிரே நீளத்துக்கும் ஓடும். முடிந்த இடத்தில் டிரேயைப் படுக்கையாக இல்லாமல் சுவரோடு நிமிர்த்திப் போடுங்கள், படிவது வெகுவாகக் குறையும். படுக்கையாகத்தான் போக வேண்டும் என்றால், துப்புரவு ஆள் எட்டக்கூடிய உயரத்தில் வையுங்கள்.

மதுரை: பவர் கேபிளோடு சிசிடிவி கேபிளையும் போடலாமா?

தனி டிரே, 300 மி.மீ. தள்ளி. குறுக்கே கடக்க வேண்டிய இடத்தில் நேர்செங்கோணமாகக் கடக்கட்டும்.

ஓசூர்: ஜெனரேட்டரிலிருந்து சிங்கிள் கோர் கேபிள் இழுத்தோம். கேபிள் சூடு இல்லை, பேனலின் கிளாண்ட் பிளேட்டில் (கேபிள் நுழையும் தகடு) சூட்டால் கை வைக்க முடியவில்லை.

மூன்று ஃபேஸும் இரும்பு பிளேட்டில் தனித்தனி ஓட்டை வழியாகப் போகின்றன, சரியா? ஒரு ஃபேஸை மட்டும் சுற்றி இரும்பு இருந்தால், மாறுமின்னோட்டத்தின் காந்தப்புலம் அந்த இரும்புக்குள்ளேயே சுழல் மின்னோட்டத்தைக் கிளப்பும். சூடு அதனால் வருவது. மூன்றும் நியூட்ரலும் ஒரே ஓட்டையில் போனால் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று அழித்துவிடும். சப்ளையை நிறுத்திவிட்டு இரும்பு பிளேட்டை எடுத்து, காந்தமாகாத அலுமினியம் பிளேட் மாட்டுங்கள். டிரேயிலும் மூன்று ஃபேஸையும் முக்கோணமாகச் சேர்த்துக் கட்டுங்கள். ஒரு ஃபேஸைத் தனியாகச் சுற்றி இரும்பு கிளாம்ப் எங்கேயும் இருக்கக்கூடாது. கேபிளில் ஆர்மர் இருந்தால் அது அலுமினியக் கம்பியா என்று பாருங்கள்.

சேலம்: பவுடர் கோட்டிங் டிரேக்கு எர்த் தேவையா?

கட்டாயம். பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தாது, கப்ளரை நம்ப முடியாது. இணைப்புதோறும் பெயின்ட்டைச் சுரண்டிக் காப்பர் ஜம்பர் (இரண்டு துண்டையும் இணைக்கும் கம்பி) போடுங்கள். டிரே நெடுக ஒரு ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பட்டை ஓட்டி, இரு முனையிலும் எர்த்தில் சேருங்கள்.

சென்னை: மாடிக்கு மாடி கேபிள் ஏறும் ஓட்டையை ஃபோம் அடித்து மூடிவிட்டோம்.

சாதாரண பியூ (பாலியூரித்தேன்) ஃபோம் என்றால் எடுத்துவிடுங்கள், அது எரியும். தீத்தடுப்புக் கலவையோ தீத்தடுப்புத் தலையணையோ வைத்து ஒவ்வொரு தளத்திலும் அடையுங்கள். புதுக் கேபிள் இழுக்கும் ஒவ்வொரு முறையும் திறந்த இடத்தை அன்றே மூடச் சொல்லுங்கள்.