எட்டு வாட்டும் தவிலும்

அன்புள்ள ஐயா,

மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஓட்டு வீட்டில் கூடம் 12-க்கு 16 அடி. ஒரு பக்கம் முற்றம், திறந்தபடியே இருக்கும். 8 வாட் 300பி வால்வு ஆம்ப் வாங்கி, பழைய 86 டெசிபெல் ஸ்பீக்கரில் மாட்டினேன். தனி நாகஸ்வரம் சுகமாக இருக்கிறது. தவில் சேர்ந்ததும் குழைந்துவிடுகிறது. அடி விழுந்த கையோடு நாகஸ்வரமும் மங்குகிறது. கடைக்காரர் இரண்டு ஜோடி காட்டினார். ஒன்று 91 டெசிபெல், 4 ஓம், மூன்று வழி டவர். மற்றது 95 டெசிபெல், 8 ஓம், 12 அங்குல வூஃபர் வைத்த பெரிய பெட்டி. டவர் பார்க்க அழகு. நண்பர் ஆம்பை விற்று 100 வாட் வாங்கச் சொல்கிறார்.

ர.

அன்புள்ள ர.,

ஆம்பை விற்க வேண்டாம். டவரை வாங்கவும் வேண்டாம்.

முதலில் அந்த 91. 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் எவ்வளவு சத்தம் வரும் என்பதுதான் ஸ்பீக்கரின் டெசிபெல் எண். கேட்டலாகில் '2.83 வோல்ட், 1 மீட்டர்' என்று போட்டிருக்கிறதா பாருங்கள். 2.83 வோல்ட் என்பது 8 ஓமில் 1 வாட், 4 ஓமில் 2 வாட். அப்படி அளந்திருந்தால் 1 வாட்டுக்கு அது 88 டெசிபெல்தான். இப்போது இருப்பதைவிட 2 டெசிபெல் கூட. அதற்கு அவ்வளவு காசா?

அதைவிடப் பெரிய சிக்கல் இம்பீடன்ஸ், அதாவது ஸ்பீக்கர் மின்சாரத்துக்குக் காட்டும் தடை. அது ஒலியின் அதிர்வெண்ணுக்கு ஏற்ப மாறும். ஃபீட்பேக் (வெளியே வருவதை உள்ளே திருப்பி ஊட்டித் திருத்தும் ஏற்பாடு) இல்லாத 300பி ஆம்பின் சொந்த இம்பீடன்ஸ், 8 ஓம் ஸ்பீக்கருக்கான முனையில், 2.5 ஓம் பக்கம் இருக்கும். ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் ஓரிடத்தில் 4 ஓமுக்கு இறங்கி இன்னோரிடத்தில் 32-க்கு ஏறினால், அந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே மூன்றரை டெசிபெல் வித்தியாசம் தானாகவே வந்துவிடும். ட்ரான்சிஸ்டர் ஆம்பில் இது தெரியாது. உங்களுடையதில் தவிலின் தொப்பி (இடப்பக்கம்) ஒரு மாதிரியும் வலந்தலை (வலப்பக்கம்) ஒரு மாதிரியும் கேட்கும். பெரிய பெட்டியை வாங்கும்முன் இம்பீடன்ஸ் வளைவைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எங்கும் 6 ஓமுக்குக் கீழே போகாமல், மேடு பள்ளம் குறைவாக இருந்தால் எடுக்கலாம். 95 என்ற எண்ணைவிட எனக்கு அந்த வளைவுதான் முக்கியம்.

எவ்வளவு வாட் வேண்டும் என்பதை வீட்டிலேயே அளந்துவிடலாம். ஒரு மல்டிமீட்டர் போதும். மல்லாரி ஒன்றைப் போட்டு, உங்களுக்குப் பிடித்த உச்ச ஒலிக்கு வால்யூமை வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதைத் தொடாமல், மைனஸ் 12 டெசிபெல் அளவில் (முழு அளவில் கால் பங்கு வோல்ட்டில்) பதிந்த 120 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் ஏ.சி. வோல்ட்டை அளந்து பாருங்கள். வந்ததை 4-ஆல் பெருக்கி, அதன் வர்க்கத்தை 8-ஆல் வகுத்தால் உச்சத்தில் தேவைப்படும் வாட். மீட்டர் 3 வோல்ட் காட்டினால் 12 வோல்ட், அதாவது 18 வாட். 8 வாட் ஆம்ப் அங்கே திணறத்தான் செய்யும். 95 டெசிபெல் ஸ்பீக்கர் 9 டெசிபெல் கூட என்பதால், அதே ஒலிக்கு அதற்கு வேண்டியது எட்டில் ஒரு பங்கு, இரண்டேகால் வாட். நண்பரின் 100 வாட்டுக்கு வேலையே இல்லை.

நாகஸ்வரம் மங்குவதற்கும் காரணம் இந்தத் திணறல்தான். அளவை மீறிய அடியில் வால்வின் கிரிட் (சிக்னல் நுழையும் கம்பிவலை) மின்னோட்டத்தை இழுக்கிறது, அதற்கு முன்னால் சிக்னலைக் கடத்தும் கப்ளிங் கண்டென்சரில் சார்ஜ் தங்கிவிடுகிறது. அது வடிந்து முடியும்வரை அடுத்த சங்கதியும் அமுங்கியே வரும்.

ஊர் மைக் செட்காரர்களுக்கு இந்தக் கணக்கு பழக்கம்தான். சின்ன ஆம்பில் கூம்பு ஸ்பீக்கரைக் கட்டி நாலு தெருவுக்குக் கேட்க வைப்பார்கள். ஆனால் கூம்பில் தவிலின் கும்கி, அந்த ஆழ்ந்த நாதம், வராது. சிறிய பெட்டி, அதிக ஒலி, ஆழமான பேஸ் மூன்றும் ஒன்றாகக் கிடைக்காது. உங்கள் பெட்டி பெரிதாக இருப்பது அதனால்தான். யாராவது 8 அங்குல ஒற்றை ஃபுல்ரேஞ்ச் டிரைவரை (பேஸ் முதல் கீச்சு வரை எல்லாவற்றையும் ஒன்றே ஒலிப்பது) சிபாரிசு செய்தால் நாகஸ்வரத்தைப் போட்டுக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். அவற்றில் பல 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸில் தூக்கலாகப் பேசும். சீவாளியின் கூர்மையும் அங்கேதான், காது கூசும்.

முற்றம் திறந்திருப்பதால் பேஸ் வெளியே ஓடிவிடும். பெட்டிகளை முற்றத்துக்கு எதிர்ச்சுவரை ஒட்டி வையுங்கள், மூலைக்கு நெருக்கமாக இருந்தாலும் சரி. தரையில் நேராக வைக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கத்துத் தரை ஈரம் கசியும், எம்.டி.எஃப். (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) அடிப்பலகை உப்பிவிடும். கருங்கல் துண்டின்மேல் வைத்தால் கரையானும் கண்ணில் படும். வூஃபரின் ஓரம் துணியாகவோ ரப்பராகவோ இருக்கட்டும். ஃபோம் இந்த ஈரப்பதத்தில் சில வருடங்களில் பொடிந்துவிடும்.

கரண்ட் விஷயம். 300பி-யின் ஃபிலமெண்டுக்கு (வால்வுக்குள் சூடாகும் இழைக்கு) 5 வோல்ட். வீட்டுக்கு வரும் 230 வோல்ட் ராத்திரியில் 253-க்கு ஏறினால், ரெகுலேட்டர் இல்லாத ஆம்பில் அது ஐந்தரை ஆகி வால்வின் ஆயுள் குறையும். சர்வோ ஸ்டெபிலைசர் வையுங்கள். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஓட்டினால் டிரான்ஸ்ஃபார்மரே கொர்ரென்று முனகும். சைன் வேவ் இன்வெர்ட்டராக இருக்க வேண்டும்.

ஒன்றுக்குத் தயாராக இருங்கள். இதுவரை கேட்காத ஹம், அதாவது கரண்டிலிருந்து வரும் ரீங்காரம், புது ஸ்பீக்கரில் கேட்கும். பாட்டை நிறுத்திவிட்டு ஸ்பீக்கர் முனையில் மில்லிவோல்ட் பாருங்கள். 1 வந்தால் விட்டுவிடலாம், 5 வந்தால் ராத்திரியில் நிச்சயம் கேட்கும். ஆம்பின் மேல்தட்டில் வால்வுக்குப் பக்கத்தில் ஹம் திருகு இருந்தால், மீட்டரைப் பார்த்துக்கொண்டே குறைந்தபட்ச அளவு வரும்வரை திருப்புங்கள். திருகு உள்ளே இருந்தால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். உள்ளே இருப்பது உயிரை எடுக்கும் வோல்ட்டேஜ், அணைத்த பிறகும் கண்டென்சரில் தங்கியிருக்கும்.