வேலைக்குப் புதிதாக வந்தவர் கையில், மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கெப்பாசிட்டர் என்ற பாகத்தைச் சார்ஜ் ஏற்றித் தூக்கிப் போடுவது வெறும் விளையாட்டுதானா?

இல்லை. பிரிட்டன் பட்டறைகளில் புதுப் பையனை ஸ்டோருக்கு அனுப்பி 'லாங் வெயிட்' கேட்கச் சொல்வார்கள். எடைக்கல் என்று நினைத்துப் போனவன் நெடுநேரம் காத்து நிற்பான். அந்த ஒலிக்கு இரண்டு பொருளும் உண்டு. சரி, அது விளையாட்டு. யாருக்கும் காயமில்லை.

கெப்பாசிட்டர் அப்படியல்ல. 230 வோல்ட் லைனிலிருந்து டயோடு (மின்சாரத்தை ஒரே திசையில் விடும் பாகம்) வழியாக ஏற்றினால் அதில் சுமார் 325 வோல்ட் நிற்கும். பிளக்கைப் பிடுங்கினாலும் உடனே இறங்காது. 'இந்தா, பிடி' என்றதும் கை தானாக நீளும், கெப்பாசிட்டரின் இரண்டு கம்பிக் கால்களும் விரலில் பட்டுவிடும். சுண்டி இழுக்கிற வேகத்தில் முழங்கை போய்ச் ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் சூடான சால்டரிங் அயர்ன்மேல் விழலாம். இதய நோய் உள்ளவரா என்று போடுகிறவருக்குத் தெரியுமா?

கம்ப்ரசர் குழாயை ஆசனவாயில் வைத்துக் காற்றடிப்பது இன்னும் கொடுமை. குடல் கிழிந்து இந்தியாவிலேயே பலர் இறந்திருக்கிறார்கள். அதைச் செய்தவர்களும் 'சும்மா விளையாட்டுக்கு' என்றுதான் சொன்னார்கள்.