மன்னிச்சாச்சு, ஆனா கதைக்கிறதில்லை: குடும்பக் கேள்விகளுக்குப் போதகரின் பதில்

கல்லடியிலிருந்து ஒருவர்: ஐயா, அம்மா வீட்டுவளவைத் தங்கச்சிக்குச் சீதனமாக எழுதிவிட்டா. ஆறு வருஷமாக அக்கா அவளோடு கதைப்பதில்லை. நத்தாருக்கு இருவரையும் ஒரே மேசையில் இருத்தலாமா?

வேண்டாம் தம்பி. ஊர் பார்த்திருக்க இருவரும் சிரிப்பார்கள், கை கழுவியதும் பழையபடிதான். மத்தேயு 18:15, 16 ஒழுங்கு சொல்கிறது: முதலில் இருவர் மட்டும் தனியே, சரிவராவிட்டால் கூட ஒன்றிரண்டு பேர். நம்மவர்கள் எடுத்த எடுப்பில் மாமா, சித்தப்பா, போதகர் என்று கூட்டம் கூட்டி, அக்காவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுவார்கள்.

முதலில் நீங்கள் தனியே போய், "அக்கா, உங்களுக்கு எது நொந்தது?" என்று மட்டும் கேளுங்கள். அம்மாவுக்காக வாதாட வேண்டாம். வீடு பெண்பிள்ளைக்குப் போவது நமது பக்கத்து வழமை, அது அக்காவுக்கும் தெரியும். பெரும்பாலும் நொந்தது காணியாக இராது. காணி உறுதி முடித்த செய்தி வெளியாள் வாயால் வந்ததாக இருக்கும். அப்படியானால் காணியைப் பங்கிட்டாலும் கோபம் ஆறாது. அதைத் தெரிந்துகொண்டு தங்கச்சியை அனுப்புங்கள். அரை மணித்தியாலம், ஒரு விஷயம், பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம்.

கல்முனையிலிருந்து ஒரு சகோதரி: தம்பி என் 2 பவுண் காப்பை ஈடு வைத்தான், மூழ்கிப்போயிற்று. மன்னிப்புக் கேட்டான். நகையைக் கேட்டால், "நீயெல்லாம் வேதக்காரியா?" என்கிறான்.

தாராளமாகக் கேளுங்கள் மகள். வேதத்தைத் தம்பிதான் வாசிக்கவில்லை. எண்ணாகமம் 5:7இன்படி அறிக்கையிட்டவன் முதலைக் கொடுத்து, ஐந்தில் ஒரு பங்கும் கூட்ட வேண்டும். கடனை ரூபாயில் எழுதாதீர்கள். தங்கம் விலை ஏற ஏற உங்களுக்குத்தான் நட்டம், அடுத்த சண்டையும் அங்கேதான் தொடங்கும். 2 பவுண் என்றால் 16 கிராம். மாதம் ஒரு கிராமின் அன்றைய விலையைத் தந்தால் 16 மாதத்தில் முடியும். ஐந்தில் ஒன்றான 3.2 கிராமை நீங்கள் விரும்பினால் விட்டுக்கொடுக்கலாம். அது உங்கள் கையில், அவன் கையில் அல்ல.

திருக்கோவிலிலிருந்து: கணவர் குடித்துவிட்டு அடிக்கிறார். வேதத்தில் உள்ளபடி ஏழெழுபது தரம் மன்னிக்கச் சொல்கிறார்கள்.

அடிக்கிற கைக்குள் இருந்துகொண்டு மன்னிக்கச் சொல்லி அந்த வசனம் சொல்லவில்லை. முதலில் பிள்ளைகளோடு பாதுகாப்பான வீட்டுக்குப் போங்கள். அடையாள அட்டையையும் பிறப்புச் சான்றிதழ்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். இலங்கையில் பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். உங்களுக்காகப் பொலிஸாரும் விண்ணப்பிக்கலாம். மன்னிப்பை உங்கள் மனதில் நீங்கள் தனியே கொடுக்கலாம். திரும்பி வாழப் போவதற்கு அவர் குடியை விட்டிருக்க வேண்டும், விட்டது மாதக்கணக்கில் தெரியவும் வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கண்ணீர் போதாது.

அக்கரைப்பற்றிலிருந்து: அண்ணனோடு சமாதானமாகிவிட்டேன். ஆனால் ஒரே வளவில் இருக்க ஏலாது. இது அரைகுறை மன்னிப்பா?

இல்லை. ஆதியாகமம் 33இல், பகைத்துப் பிரிந்திருந்த அண்ணன் ஏசாவும் தம்பி யாக்கோபும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். பிறகு ஒருவர் சேயீருக்கு, மற்றவர் சுக்கோத்துக்கு. தகப்பன் ஈசாக்கை அடக்கம்பண்ண இருவரும் சேர்ந்தே நின்றார்கள். வேலியை அடையுங்கள், படலை ஒன்று விடுங்கள்.

கட்டாரிலிருந்து: அப்பாவிடம் மன்னிப்புக் கேட்க வாட்ஸ்அப் குரல்பதிவு போதுமா?

போதும், குடும்பக் குழுவில் போடாவிட்டால். "பிழை ஏதும் செய்திருந்தால்" என்று தொடங்காதீர்கள். செய்தது எதுவோ, அதைப் பெயர் சொல்லிச் சொல்லுங்கள்.