வாசகர் கேள்விகள்: இந்த முறை அங்குவிலா

சென்ற இதழில் கரீபியன் தபால்தலைகளைப் பற்றி எழுதியபோது அங்குவிலா என்ற தீவின் பெயரை ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள்தான் இந்த முறை அதிகம். எனக்கும் மிகப் பிடித்த தீவு அது. ஆகவே இந்த இதழ் முழுவதும் அதற்கே.

கேள்வி: என் மகன் சின்னதாக ஒரு மென்பொருள் நிறுவனம் தொடங்கியிருக்கிறான். அதன் இணைய முகவரி ‘டாட் ஏஐ’ என்று முடிகிறது. அதற்குக் கட்டும் பணத்தில் பெரும்பகுதி ஏதோ ஒரு தீவுக்குப் போகிறது என்கிறான். நிஜமா ஐயா?
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: நிஜம்தான். அந்தத் தீவுதான் அங்குவிலா. இணையத்தில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஆட்சிப் பகுதிக்கும் இரண்டெழுத்து ஒதுக்கப்பட்டிருக்கிறது. இந்தியாவுக்கு ஐஎன், இலங்கைக்கு எல்கே. 1995-இல் அங்குவிலாவுக்குக் கிடைத்தது ஏஐ. பல ஆண்டுகள் அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்ததும் நிலைமை மாறியது. செயற்கை நுண்ணறிவின் ஆங்கிலச் சுருக்கமும் ஏஐதான். அந்தத் துறையில் இறங்கிய நிறுவனமெல்லாம் அந்த முகவரியைக் கேட்டு வந்தது. 2022-இல் சுமார் 1,44,000 ஆக இருந்த பதிவுகள் 2023-இல் 3,54,000 ஆயின.

பதிவு குறைந்தது இரண்டு ஆண்டுகளுக்கு. அதற்கு அங்குவிலா வாங்கிவந்த கட்டணம் 140 அமெரிக்க டாலர். உங்கள் மகனுக்கு முகவரியை வாங்கிக்கொடுத்த இடைத்தரகர் தன் பங்கைத் தனியாகச் சேர்த்திருப்பார். 2023-இல் மட்டும் இந்த வகையில் தீவுக்கு வந்தது ஏறக்குறைய 3.2 கோடி அமெரிக்க டாலர். அரசின் மொத்த வருவாயில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். அங்கே வாழ்வோர் சுமார் 15,000 பேர்தான். கணக்குப் போட்டால் தலைக்கு இரண்டாயிரம் டாலரைத் தாண்டுகிறது.

அந்தப் பணம் விமான நிலைய விரிவாக்கத்துக்கும், எழுபது வயதைக் கடந்தவர்களின் இலவச மருத்துவத்துக்கும் உதவுகிறது என்று படித்தபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது. உங்கள் மகன் கட்டிய பணத்தில் ஒரு துளி அங்கே ஒரு பாட்டியின் மருந்துச் செலவுக்குப் போயிருக்கலாம் என்று அவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: அங்குவிலா எங்கே இருக்கிறது? நிலம் எப்படி? விவசாயம் உண்டா? உப்பு விளையும் என்று எங்கோ படித்தேன்.
– ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: கரீபியன் கடலின் கிழக்கு ஓரத்தில் வில்லாக வளைந்து கிடக்கும் தீவு வரிசையின் வட முனையில் தேடுங்கள். பாதி பிரான்சுக்கும் பாதி நெதர்லாந்துக்கும் சொந்தமான செயின்ட் மார்ட்டின் தீவுக்கு நேர் வடக்கே இருக்கிறது. அங்கிருந்து படகில் அரை மணி நேரம்கூட ஆகாது. பரப்பு 91 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சி எல்லைக்குள் நான்கு அங்குவிலாக்களை வைத்த பிறகும் இடம் மிச்சமிருக்கும். நீளம் 26 கிலோமீட்டர், அகலம் அதிகபட்சம் 5. தலைநகரின் பெயர் ‘தி வேலி’, அதாவது பள்ளத்தாக்கு. ஆனால் தீவின் மிக உயர்ந்த இடமான குரோக்கஸ் ஹில்லே 65 மீட்டர்தான்.

கரீபியன் என்றதும் பச்சை மலையும் அருவியும் நினைவுக்கு வரும். மொன்செராட், டொமினிக்கா போன்றவை எரிமலைத் தீவுகள், அவற்றுக்கு அது பொருந்தும். அங்குவிலா பவளமும் சுண்ணாம்புக்கல்லும் படிந்து உருவான தட்டையான தீவு. பெய்யும் மழை கல்லின் துளைகள் வழியே உள்ளே இறங்கிவிடும். ஓர் ஆறுகூடக் கிடையாது. மண் படலமும் மெல்லியது. கூரையில் விழும் நீரை வீட்டுக்கடியில் தொட்டி கட்டிச் சேமிப்பது அங்கே பழைய வழக்கம். இப்போது கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையும் உண்டு.

இந்த வறட்சிதான் அந்தத் தீவின் சமூகத்தையே உருவாக்கியது. மற்ற தீவுகளில் கரும்புத் தோட்டங்கள் தழைத்தன. அங்குவிலாவில் கரும்பு சரியாக வரவில்லை. 1834-இல் அடிமை முறை ஒழிந்த பிறகு தோட்ட முதலாளிகளில் பலர் நிலத்தை விட்டுவிட்டுப் போனார்கள். விடுதலை பெற்றவர்கள் துண்டு துண்டாக நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் ஆனார்கள். ஏழைகள்தான், ஆனால் காலடியில் இருந்த நிலம் அவர்களுடையது. பிழைப்புக்குப் படகு கட்டினார்கள், மீன் பிடித்தார்கள், டொமினிக்கன் குடியரசுக்குக் கரும்பு வெட்டவும், அருபா, குராசோ தீவுகளின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கும் போனார்கள். பணம் ஊருக்கு வந்தது. எவருக்கும் குனிந்து பழகாத மக்கள் என்று நான் அவர்களைச் சொல்வது இதனால்தான். 1967-இல் நடந்ததற்கும் இதற்கும் தொடர்பு உண்டு, கீழே சொல்கிறேன்.

உப்பைக் கேட்டீர்கள். சாண்டி கிரவுண்ட் என்ற கடற்கரைக் கிராமத்துக்குப் பின்னால் பெரிய உப்பேரி ஒன்று இருக்கிறது. முன்னே கடல், பின்னே உப்பேரி, நடுவே ஒடுங்கிய மணல் திட்டில் ஊர். பல தலைமுறைகள் அங்கே உப்பு வாரியிருக்கிறார்கள். பிற்காலத்தில் டிரினிடாட்டின் எண்ணெய்த் தொழிலுக்கு அந்த உப்பு போனது. 1980-களின் நடுவில் ஏற்றுமதி நின்றுவிட்டது. ஏறக்குறைய அதே காலத்தில்தான் மேற்குக் கரையில் விலை உயர்ந்த விடுதிகள் எழுந்தன. உப்பு போய் உல்லாசப் பயணம் வந்தது.

கேள்வி: உலகம் முழுவதும் காலனிகள் விடுதலை பெற்ற பிறகும் இவர்கள் ஏன் பிரிட்டனின் கீழ் இருக்கிறார்கள்? தன்மானம் இல்லையா?
– ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: தன்மானத்தால்தான் அப்படி இருக்கிறார்கள் என்று சொன்னால் நம்புவீர்களா? கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

1825-லேயே அங்குவிலாவைச் சுமார் 110 கிலோமீட்டர் தள்ளியிருந்த செயின்ட் கிட்ஸ் தீவின் சட்டமன்றத்தோடு பிரிட்டன் இணைத்துவிட்டது. நிர்வாகச் செலவு மிச்சம் என்ற கணக்கு. இடையில் செயின்ட் மார்ட்டின் உள்ளிட்ட வேறு நாட்டுத் தீவுகள் கிடக்கின்றன. வாழ்க்கையும் வேறு, பயிரும் வேறு. எங்களைப் பிரித்துவிடுங்கள் என்று 1872-லேயே அங்குவிலாக்காரர்கள் மனு எழுதினார்கள். பலனில்லை. 1882-இல் நெவிஸையும் சேர்த்து மூன்று தீவையும் ஒரே கட்டாகக் கட்டினார்கள்.

1967 பிப்ரவரியில் இந்த மூன்று தீவுகளுக்கும் உள்நாட்டுத் தன்னாட்சி கிடைத்தது. ஆட்சி செயின்ட் கிட்ஸில், முதல்வர் ராபர்ட் பிராட்ஷா. அங்குவிலாவில் அப்போது பொது மின்சாரம் இல்லை, குழாய்த் தண்ணீர் இல்லை, சொல்லிக்கொள்ளும்படி சாலை இல்லை. இந்த நிலையில் பிரிட்டன் விலகிக்கொண்டால், தங்களைக் கண்டுகொள்ளாத பக்கத்துத் தீவின் கையில் நிரந்தரமாகச் சிக்கிவிடுவோம் என்று பயந்தார்கள். தூரத்து எஜமானைவிட அக்கறையில்லாத அண்டை வீட்டுக்காரன் அவர்களுக்குப் பெரிய ஆபத்தாகத் தெரிந்தான்.

மே 30 அன்று செயின்ட் கிட்ஸ் காவலர்கள் அனைவரையும் தீவை விட்டு அனுப்பினார்கள். திரும்பப் படை வந்து இறங்காதபடி விமான ஓடுதளத்தில் வண்டிகளையும் எண்ணெய்ப் பீப்பாய்களையும் நிறுத்தினார்கள். ரொனால்ட் வெப்ஸ்டர், அட்லின் ஹாரிகன், பீட்டர் ஆடம்ஸ் போன்றவர்கள் முன்னால் நின்றார்கள். ஜூலை 11 அன்று வாக்கெடுப்பு. பிரிவதற்கு ஆதரவாக 1,813 வாக்கு, எதிராக 5. அரசு நடத்தப் பணம் வேண்டுமே! கையிருப்பில் இருந்த செயின்ட் கிட்ஸ் தபால்தலைகளின் மேல் ‘சுதந்திர அங்குவிலா’ என்று அச்சிட்டு விற்றார்கள். அந்த மேலச்சுத் தலைகள் இன்று மிக அரிது, என்னிடம் இல்லை. அதன்பின் அவர்களே வெளியிட்ட வரிசையில் சில என் தொகுப்பில் உண்டு. சோம்ப்ரெரோ கலங்கரை விளக்கம் ஒன்றில், சிங்கி இறால் ஒன்றில். உலகம் அங்கீகரிக்காத ஒரு மக்கள், தங்களிடம் இருப்பதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டியது போல் இருக்கும்.

1969 பிப்ரவரியில் இன்னொரு வாக்கெடுப்பு, குடியரசாவதற்கு 1,739 பேர் ஆதரவு, 4 பேர் எதிர்ப்பு. மார்ச் மாதம் பேச்சு நடத்த வந்த பிரிட்டிஷ் இணை அமைச்சர் வில்லியம் விட்லாக்கை அன்றே திருப்பி அனுப்பினார்கள். ஒரு வாரத்தில், மார்ச் 19 அதிகாலை, முந்நூறுக்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் பாராசூட் படையினரும் லண்டன் காவலர்களும் வந்து இறங்கினார்கள். அவர்களை எதிர்த்து யாரும் சுடவில்லை. கரையில் பளிச்சிட்டவை பத்திரிகைக்காரர்களின் கேமராக்கள். எந்த நாட்டின் கீழ் இருக்க வேண்டும் என்று அந்த மக்கள் முதலில் கேட்டார்களோ, அந்த நாடே படை அனுப்பியது! பிறகு ராணுவப் பொறியாளர்கள் சாலையும் கட்டடமும் அமைத்துக்கொடுத்தார்கள். 1971-இல் பிரிட்டன் நேரடி நிர்வாகத்தை ஏற்றது. 1980 டிசம்பர் 19 அன்று பிரிவு சட்டப்படி முழுமையானது. செயின்ட் கிட்ஸும் நெவிஸும் 1983-இல் தனி நாடாகப் போயின.

தன்னைப் பற்றிய முடிவைத் தானே எடுப்பதுதான் விடுதலை என்றால், அங்குவிலா அதை எடுத்தது. முடிவு நாம் எதிர்பார்க்கும் திசையில் இல்லை, அவ்வளவுதான். மே 30 இன்றும் அங்குவிலா தினம். 2016-இல் மறைந்த வெப்ஸ்டரின் பிறந்தநாளான மார்ச் 2-உம் அரசு விடுமுறை.

கேள்வி: அப்படியானால் ஆட்சி யார் கையில்? ஆளுநரா, முதல்வரா?
– போட்டித் தேர்வுக்குப் படிக்கும் ஒரு மாணவி, மதுரை

பதில்: இருவர் கையிலும், பிரித்துக்கொண்டு. ஆளுநரை நியமிப்பது பிரிட்டிஷ் மன்னர். பாதுகாப்பு, வெளியுறவு, காவல்துறை, பன்னாட்டு நிதிச் சேவை ஆகியவை அவர் பொறுப்பு. மற்றவை தேர்ந்தெடுக்கப்பட்ட அரசிடம். அடிப்படைச் சட்டம் 1982-ஆம் ஆண்டினது, பின்னர் திருத்தப்பட்டது. முதலமைச்சர் என்ற பதவிப்பெயர் 2019-இல் பிரதமர் என்று மாறியது. சட்டமன்றத்துக்கு மக்கள் தேர்ந்தெடுப்பவர்கள் 11 பேர்: ஏழு பேர் தொகுதிவாரியாக, நான்கு பேர் தீவு முழுவதற்கும் பொதுவாக. இந்த இரட்டை முறை 2020-இல் வந்தது. 2025 பிப்ரவரித் தேர்தலுக்குப் பிறகு கோரா ரிச்சர்ட்சன் ஹாட்ஜ் முதல் பெண் பிரதமரானார்.

நாணயம் கிழக்குக் கரீபியன் டாலர். 1976 முதல் ஓர் அமெரிக்க டாலருக்கு 2.70 என்று நிலையாக இருக்கிறது. கடைசி மேல்முறையீடு லண்டனில் உள்ள பிரிவி கவுன்சிலுக்கு. பிரிட்டிஷ் குடியுரிமை உண்டு, பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஓர் இடம்கூட இல்லை. இது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆளுநர் கையில் இருக்கும் அதிகாரங்கள் லண்டனுக்குத்தான் பதில் சொல்கின்றன, அந்த லண்டனில் தீவுக்குக் குரல் இல்லை.

கேள்வி: வரியே கிடையாதாமே?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: தனிநபர் வருமான வரி இல்லை. அதனால் வரியே இல்லை என்று ஆகாது. தீவில் விற்பதில் பெரும்பாலானவை கப்பலில் வருபவை, அவற்றுக்குச் சுங்கவரி உண்டு. 2022 ஜூலையில் 13 சதவீதப் பொருள், சேவை வரியும் வந்தது. சுருங்கச் சொன்னால், சம்பளத்தில் பிடிப்பதில்லை, கடையில் பிடிக்கிறார்கள். குறைந்த கூலிக்காரருக்கு இது கனமான சுமை.

கேள்வி: அங்கே எல்லோரும் கிரிக்கெட்தானா?
– ஏழாம் வகுப்பு மாணவன், தஞ்சாவூர்

பதில்: கிரிக்கெட் உண்டு தம்பி. ஆனால் தேசிய விளையாட்டு பாய்மரப் படகுப் போட்டி! தீவிலேயே கட்டிய படகுகள், கிராமத்துக்குக் கிராமம் போட்டி. ஆகஸ்ட் திருவிழாவில் கரை முழுக்கக் கூட்டம். கப்பல் கட்டிப் பிழைத்த ஊரின் திறமை இப்போது விளையாட்டில் வாழ்கிறது.

கேள்வி: இணைய முகவரிப் பணம் நிலைக்குமா? நாளை இந்த மோகம் அடங்கினால்?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: சரியான கவலை. எனக்கும் இருக்கிறது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தால்தான் பணம். நிறுவனம் மூடினால் முகவரியும் போகும். ஆனால் இந்தத் தீவு சுற்றுலாவை மட்டும் நம்பியிருந்தபோது என்ன ஆனது என்பதையும் பாருங்கள். 2017 செப்டம்பர் 6 அன்று இர்மா புயல் ஐந்தாம் வகை வேகத்தில் தாக்கியது. மின்கம்பங்கள், மருத்துவமனை, விமான நிலையம், பள்ளி, விடுதி எதுவும் தப்பவில்லை. பயணிகள் வந்து இறங்கும் பக்கத்துத் தீவான செயின்ட் மார்ட்டினும் நொறுங்கிப்போனதால் வருமானம் ஒரே நாளில் நின்றது. 2020-இல் கோவிட் வந்து எல்லைகளை மூடியது.

முகவரி வருமானத்துக்குக் கடற்கரையும் வேண்டாம், விமானமும் வேண்டாம். 2024-இல் அது சுமார் 3.9 கோடி அமெரிக்க டாலராக உயர்ந்தது. அதே ஆண்டு ஐடென்டிட்டி டிஜிட்டல் என்ற அமெரிக்க நிறுவனத்தோடு அரசு ஒப்பந்தம் செய்து, அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் நிர்வாகத்தை அதன் உலகளாவிய கணினி வலையமைப்புக்கு மாற்றியது. இனி புயலில் தீவின் மின்சாரம் போனாலும் உங்கள் ஊர்ப் பையன்களின் ‘டாட் ஏஐ’ முகவரிகள் அணையாது. இந்தப் பணத்தை அன்றாடச் செலவில் கரைக்காமல், கடன் அடைக்கவும் கட்டடம் எழுப்பவும் ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து. பள்ளிக்கூடத்துக்கும் குடிநீருக்கும் முதலில் போகட்டும்.

அடுத்த இதழில், 1995-இல் எரிமலை வெடித்துத் தலைநகரையே இழந்த மொன்செராட். கேள்விகளை மாதக் கடைசிக்குள் அனுப்புங்கள், அஞ்சலட்டையே போதும்.