பட்டன் ரோஜாவுக்குப் புதிய தொட்டி

கேள்வி: ஆறு அங்குலத் தொட்டியில் இரண்டு ஆண்டுகளாக வளரும் என் பட்டன் ரோஜா இப்போது மொட்டு வைப்பதில்லை, ஊற்றும் நீரும் நிற்காமல் அடித்துளை வழியே ஓடிவிடுகிறது. தொட்டியை மாற்றலாமா?
– வாசகி, திருச்சி

பதில்: அவசியம் மாற்றுங்கள். வேர்கள் தொட்டியை அடைத்துக்கொண்டதால்தான் பெரும்பாலும் இப்படி ஆகும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் வரும் மார்கழி, தை மாதங்கள் இதற்கு ஏற்றவை; கோடையில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். எட்டு அங்குலத் தொட்டி போதும், ஏனெனில் மிகப் பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் ஈரம் காயாமல் கிடந்து வேரழுகலுக்கு வழிவகுக்கும். செம்மண், மட்கிய தொழு உரம், அலசிய தேங்காய் நார்க்கழிவு ஆகியவற்றைச் சம அளவில் கலந்துகொள்ளுங்கள்.

முதல் நாளே நீரூற்றி வைத்து, மறுநாள் மாலையில் தொட்டியைச் சாய்த்துத் தட்டிச் செடியை வேர்க்கட்டியோடு எடுத்து, வளையமாகச் சுற்றியிருக்கும் வேர்களை விரலால் மெல்லப் பிரித்து, கறுத்துக் குழைந்தவற்றை மட்டும் நறுக்கிவிட்டு, முன்பிருந்த அதே ஆழத்தில் நடுங்கள். நர்சரியிலிருந்து வந்த களிமண் உருண்டை இன்னும் கெட்டியாக இருந்தால், அதை நீரில் ஊறவைத்துக் கரைத்துவிடுவது நல்லது. ஒரு வாரம் நிழலில் வையுங்கள். சில இலைகள் பழுத்து உதிர்வது இயல்பே. அதற்குப் பயந்து உரம் போட்டுவிடாதீர்கள். புதுத் துளிர் நன்கு விரிந்த பிறகு கொடுத்தால் போதும்.