பிரேக் பெடல் காலை உதைப்பது பழுதா? ஏபிஎஸ் எப்படி வேலை செய்கிறது?

மழையில் அவசரமாக பிரேக்கை மிதித்தபோது பெடல் தடதடவென்று காலை உதைத்ததாகவும், கூடவே கறகறவென்று ஒரு சத்தம் வந்ததாகவும், பிரேக்தான் போய்விட்டதோ என்று பயந்து காலை எடுத்துவிட்டதாகவும் கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். கார் ஓட்டத் தொடங்கிய புதிதில் நானும் அதையே செய்தேன். ஈரச் சாலையில் முன்னால் போன லாரி சட்டென்று நிற்க, நான் மிதிக்க, பெடல் உதைக்க, பதறிக் காலைத் தளர்த்தி, மறுபடியும் மிதித்து, லாரியின் பின்பலகைக்கு இரண்டு முழம் முன்னால் கார் ஒருவழியாக நின்றது. காலைத் தளர்த்திய அந்த நொடியில் எத்தனை மீட்டரை வீணாக்கினேன் என்பது ஏபிஎஸ் பற்றி, அதாவது பிரேக் போடும்போது சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஏற்பாட்டைப் பற்றிப் படித்த பிறகுதான் புரிந்தது.

டயர் சாலையைத் தொடும் இடம் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவுதான். பிரேக் போடும்போது சக்கரம், காரின் வேகத்துக்கு எவ்வளவு சுழல வேண்டுமோ அதைவிடச் சற்றுக் குறைவாகச் சுழல்கிறது. இந்த வித்தியாசத்தைத்தான் வழுக்கல் என்கிறோம். கொஞ்சம் வழுக்கல் இல்லாமல் பிரேக்கே பிடிக்காது. காய்ந்த தார்ச்சாலையில் அது சுமார் 10 முதல் 20 விழுக்காடு வரை இருக்கும்போது பிடிமானம் உச்சத்தில் இருக்கும்; அதற்கு மேல் போகப்போகப் பிடி குறையும். சக்கரம் முற்றிலும் நின்று கார் மட்டும் ஓடினால் அது 100 விழுக்காடு வழுக்கல். அந்த நிலையில் டயருக்குப் பக்கவாட்டுப் பிடி ஏறத்தாழ இல்லாமல் போவதால், ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் ஒடித்தாலும் கார் போன திசையிலேயே சறுக்கிக்கொண்டு போகும். என்னைக் கேட்டால், ஏபிஎஸ்ஸின் முதல் வேலை காரைச் சீக்கிரம் நிறுத்துவதன்று. பிரேக் பிடித்துக்கொண்டே காரைத் திருப்பவும் முடியும்படி வைத்திருப்பதுதான்.

இதற்காக ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு பல் வளையமும், அதன் பற்கள் கடப்பதை எண்ணும் ஒரு சென்சாரும் இருக்கின்றன; புதிய கார்களில் பற்களுக்குப் பதிலாகக் காந்த வளையம் இருப்பதும் உண்டு. சுற்றளவு 1.9 மீட்டர் உள்ள டயரும் 48 பல் கொண்ட வளையமும் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நொடிக்கு ஒன்பது சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுழலும். சென்சாரிலிருந்து நொடிக்கு 420 துடிப்புகள் போல வரும். நல்ல டயரும் காய்ந்த சாலையும் இருந்தால்கூடச் சாதாரணக் கார் ஒரு நொடியில் மணிக்கு 35 கிலோமீட்டர் அளவுதான் வேகம் குறைய முடியும். அப்படியிருக்க, ஒரு சக்கரத்தின் துடிப்புகள் மட்டும் கண்ணிமைக்கும் நேரத்தில் பாதியாகக் குறைந்தால், கார் அவ்வளவு வேகமாக நின்றிருக்க வழியில்லை, அந்தச் சக்கரம்தான் பூட்டிக்கொள்ளப் போகிறது என்று கணினி முடிவு செய்கிறது. காரின் உண்மையான வேகத்தைச் சொல்லத் தனியாக ஒரு சக்கரம் இல்லை என்பதால், நான்கு சக்கரங்களின் கணக்கையும் ஒப்பிட்டு அதை ஊகித்துக்கொள்கிறது என்பதுதான் இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

முடிவு செய்ததும் வேலை வால்வுகளுக்குப் போகிறது. முதலில் உள்வரும் வால்வு மூடிக்கொள்ளும். நீங்கள் எவ்வளவு அழுத்தினாலும் அந்தச் சக்கரத்துக்குப் போகும் பிரேக் ஆயிலின் அழுத்தம் அதற்குமேல் ஏறாது. அதுவும் போதாவிட்டால் வெளியேறும் வால்வு திறந்து கொஞ்சம் ஆயிலை வெளியே விட, சக்கரம் மறுபடி சுழலத் தொடங்கும். உடனே அழுத்தம் திரும்பவும் ஏற்றப்படும். ஏற்று, நிறுத்து, இறக்கு என்ற இந்தச் சுற்று நொடிக்குப் பத்து முறைக்கு மேலும் நடக்கக்கூடும். வெளியே விட்ட ஆயிலை ஒரு சிறிய பம்ப், பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கடத்தும் மாஸ்டர் சிலிண்டர் பக்கமாகத் திருப்பித் தள்ளுகிறது. உங்கள் காலை உதைத்தது அந்த ஆயில். கறகறத்தது அந்தப் பம்பும் வால்வுகளும். ஆகவே பெடல் உதைத்தால் காலை எடுக்கவோ, பழைய கார்களில் செய்ததைப் போல விட்டுவிட்டு மிதிக்கவோ கூடாது. முழுப் பலத்துடன் அழுத்திப் பிடித்தபடி, போக வேண்டிய பக்கம் ஸ்டீயரிங்கைத் திருப்ப வேண்டும்.

இந்த யோசனை முதலில் கார்களுக்காக வந்ததில்லை. 1950களில் டன்லப் நிறுவனம் விமானச் சக்கரங்களுக்கு இயந்திர முறையில் இதைச் செய்தது. பாஷ் நிறுவனத்தின் மின்னணு ஏபிஎஸ் 1978இல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் கார்களில் வந்தது.

ஆனால் டயரிடம் இல்லாத பிடியை எந்த ஏபிஎஸ்ஸாலும் உண்டாக்க முடியாது. உதிரி ஜல்லியிலும் புதிதாக விழுந்த பனியிலும் ஏபிஎஸ் உள்ள கார் நிற்கக் கூடுதல் தூரம்கூட எடுக்கலாம், ஏனென்றால் அங்கே பூட்டிக்கொண்ட சக்கரம் தனக்கு முன்னால் ஜல்லியையோ பனியையோ குவித்து, அந்தக் குவியலே தடையாக நிற்கும்; சுழன்றுகொண்டிருக்கும் சக்கரத்துக்கு அந்த உதவி கிடைக்காது. மற்றபடி, டாஷ்போர்டில் ஏபிஎஸ் விளக்கு மட்டும் அணையாமல் எரிந்தால் வழக்கமான பிரேக் வேலை செய்யும், சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கத்தான் ஆள் இருக்காது. சென்சாரில் படிந்த அழுக்கோ அறுந்த வயரோகூட அதற்குக் காரணமாக இருக்கலாம்; பக்கத்தில் சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் மட்டும் காரை ஓட்டாமல் ஓரம் கட்டிவிடுங்கள்.